மோரின் ஞானத்தாய்

அந்த அலுவலகத்தின் பெயர் ஜெர்மன் மொழியில் ஒரே சொல். அதை ஒருவர் நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் சிறிய தீ ஒன்று மூண்டு, எரிந்து, தானாகவே அணைந்துவிடும். தமிழில் பிரித்துச் சொன்னால், சதுப்புக் காட்டின் நீர்மட்டம் பார்த்துத் தீயை முன்கூட்டியே அறியும் நடுவகம். ஹனோவருக்கு வடக்கே ஒரு சிறு பட்டினத்தில், பழைய பாற்பண்ணைக் கட்டடம் ஒன்றில் அது இருந்தது. அந்தப் பட்டினத்தில் தமிழர் என்று பார்த்தால் கொறற்றியும், அவள் அக்கா என்று கூப்பிடும் மக்டலீனும்தான்.

சதுப்பு நிலத்தை ஜெர்மன்காரர் மோர் என்பார்கள். இந்தச் சொல்லை மக்டலீன் கடைசிவரை மன்னிக்கவில்லை.

"மோர் எரியுமாம். கேட்டியேடி கொறற்றி? நானும் பிறந்த நாளிலையிருந்து மோர் குடிக்கிறன், ஒருநாளும் வயித்துக்குள்ள நெருப்புப் பிடிச்சதில்லை."

ஆனால் அது எரியும். காலங்காலமாகத் தண்ணீருக்குள் கிடந்து, உக்கிப்போகாமல் கறுத்து இறுகிய பாசியும் வேரும்தான் அந்த மண். நனைந்திருக்கும்வரை அது மண், காய்ந்தால் விறகு. தீப்பிடித்தால் சுவாலை தெரியாது. நிலத்துக்குள்ளேயே புகைந்து நகர்ந்து மரங்களின் வேர்களைத் தின்னும். ஆகவே நிலத்தில் குழாய்களை இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால், தீ வருமுன்பே சொல்லிவிடலாம். நல்ல யோசனை. இதற்குக் குழாயைக் குனிந்து பார்க்க ஒரு ஆள் போதும். நடுவகத்தில் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். குனிகிற வேலை மட்டும் எவருடைய பொறுப்பிலும் வரவில்லை.

கொறற்றிக்கு இதிலெல்லாம் என்ன அலுவல் என்றால், அவளுடைய புருசன் அந்தக் காட்டில் இருந்தார். அதாவது, அவருடைய சாம்பல்.

செபரட்ணம் வருத்தக்காரனாகி, நோயில் படுத்த பிறகுதான் இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு என்று அறிந்தார். இருபது வருடம். அதற்குப் பிறகு நீட்டாவிட்டால் கல்லைப் பிடுங்கி, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அகதியாக வந்த நாளிலிருந்து ஆறு மாதம், மூன்று மாதம் என்று விசாவை நீட்டி நீட்டிக் களைத்தவர் அவர். கட்டிலில் எழும்பி உட்கார்ந்தேவிட்டார்.

"இஞ்சேரும், செத்தாப்பிறகும் வரிசையில நிண்டு விசா நீட்ட என்னாலை ஏலாது. வேறை வழி இருக்கோ எண்டு கேளும்."

வழி இருந்தது. சதுப்பின் ஓரத்தில் அடக்கக் காடு ஒன்று. சாம்பலை மக்கும் பானையில் வைத்து மரத்தடியில் புதைப்பார்கள். மரத்துக்குத் தவணை தொண்ணூற்றொன்பது வருடம். செபரட்ணம் ஒரு பேர்ச் மரத்தைத் தெரிவுசெய்தார். வெள்ளைத்தோல் மரம். "இவ்வளவு நீளமா ஒருத்தரும் எனக்கு விசா தந்ததில்லை" என்று சிரித்தார். ஹனோவரில் தமிழ்ப் பூசைக்கு வரும் கத்தோலிக்கச் சனம் மூக்கில் விரல் வைத்தது. கோயிலடியில் பூசை முடிந்து நிற்கிறபோது, காடு, பன்றி, நரி என்றெல்லாம் கதை வந்தது. கொறற்றி தலையைக் குனிந்துகொண்டு பஸ்சுக்குப் போய்விடுவாள். வெட்கம்தான். ஆனால் அந்த மனிதன் நோகாமல் ஓரிடத்தில் கிடக்கட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஒரு வசந்த காலத்துச் சனிக்கிழமை அவள் மரத்தடியில் இருந்தபோது, நடுவகத்து லூட்கே என்பவர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். அடக்கக் காட்டின் ஓரத்தில் தாங்கள் புதிய குழாய் ஒன்றை இறக்கப்போவதாகவும், ஒவ்வொரு குழாய்க்கும் பொதுமக்களில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி இருப்பதாகவும், அவள்தான் இங்கே அடிக்கடி வருகிறாள் என்றும் சொன்னார். அந்தப் பொறுப்புக்குப் பெயர் 'பாட்டின்'.

அந்தச் சொல் கொறற்றிக்குத் தெரியும். ஜெர்மன் கோயில்களில் ஞானஸ்நானத்தின்போது சொல்வது. ஞானத்தாய்.

"குழாய்க்கோ?" என்றாள் தமிழில். பிறகு, மனிதர் காத்துக்கொண்டு நிற்கிறாரே என்று, "யா" என்றாள்.

யா, அதாவது ஆம் என்பதுதான் கொறற்றியின் ஜெர்மன். பாண் சுடுகிற தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலைக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. அவளுக்கு வேறு சொற்களும் விளங்கும், வாயில் எடுத்தால் எதிரே நிற்பவர் நெற்றியைச் சுருக்கி "வீ பிற்றே?" என்பார், என்ன சொன்னீர்கள் என்று. திரும்பச் சொல்லும் அந்த வெட்கத்துக்குப் பயந்து, முப்பது வருடத்தையும் ஒரு யாவில் ஓட்டிவிட்டாள்.

விசயம் கேட்டு மக்டலீன் தையல் மெசினைத் திறந்தாள்.

"ஞானத்தாய் எண்டால் சும்மா கையை வீசிக்கொண்டு போக ஏலுமே? சட்டை தைக்கோணும். மெழுகுதிரி கொண்டுபோகோணும்."

"அக்கா, அது இரும்புக் குழாயக்கா. அதுக்கு என்னண்டு சட்டை?"

"தலையும் இல்லை, கையும் இல்லை. தைக்கச் சுகம்."

திறப்பு விழாவுக்கு நகரபிதா வந்திருந்தார். நடுவகத்தின் இயக்குநர் டாக்டர் ஃபோஸ் வந்திருந்தார். உயரமான மனிதர்; பேசும்போது கேட்பவரின் தலைக்கு மேலே, தூரத்தில் யாரோ ஒரு பெரிய கூட்டம் நிற்பதுபோலப் பார்ப்பார். கொறற்றி நீலப் பட்டுச் சேலையில், ஒரு கையில் வெள்ளைச் சரிகைச் சட்டையும் மறுகையில் மெழுகுதிரியும், மக்டலீனின் கையில் ஒரு தகரம் பயற்றம் பணியாரமுமாக இருவரும் போய் நின்றார்கள்.

மெழுகுதிரியைப் பறித்துவிட்டார்கள். சதுப்புக் காட்டில் நெருப்புக் கூடாது. பக்கத்திலே விருந்தினருக்காக இறைச்சி வாட்டிய கரி அடுப்புக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கப்பட்டிருந்தது. சட்டையை லூட்கே வாங்கிக் குழாய்க்கு மாட்டினார். அளவாக இருந்தது. பணியாரத்தை வாங்க அவருக்கு அதிகாரமில்லை. பொதுப்பணியாளர் அன்பளிப்பு ஏற்பது பற்றிய விதியின்கீழ் அது மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது. ஏற்கலாம் என்ற அனுமதி வந்தபோது பணியாரத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. ஆனாலும் அனுமதி வந்துவிட்டதே என்று லூட்கே ஒன்றைச் சாப்பிட்டாராம்.

டாக்டர் ஃபோஸ் பேசினார்.

"இன்றுமுதல் நமக்குத் தெரியாமல் இந்தக் காட்டில் ஒரு தீயும் வராது. வந்தால் அது ஒழுங்கீனமான தீ. எங்கள் முன்னறிவிப்பு இதுவரை தவறியதே இல்லை. காடுதான் சில வேளைகளில் ஒத்துழைப்பதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். கொறற்றியும் தட்டினாள்.

முறை இதுதான். குழாய்க்குள் ஒரு கருவி தொங்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது அளவைச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பூச்சியம் என்று சொல்லும். பூச்சியம் என்றால் மாற்றம் ஏதுமில்லை என்று நடுவகத்தின் கணினி எடுத்துக்கொள்ளும். மாற்றம் ஏதுமில்லை என்பது நல்ல செய்தி. ஆனாலும் மனிதக் கண்ணை மதிக்கிற அலுவலகம் அது. ஆகவே ஞானத்தாய் குழாயை எட்டிப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை தொலைபேசியில் வரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கருவியின் சொல்லும் மனிதரின் சொல்லும் சேர்ந்து, நகரசபை வாசலில் இருந்த பெரிய திரையில் வரைபடமாகத் தெரியும். வரைபடம் சிவந்தால் வாய்க்காலின் மதகை அடைக்க வேண்டும், விவசாயிகளின் வடிகால் பம்பை நிறுத்த வேண்டும், தீயணைப்புப் படை நிலத்தை நனைக்க வேண்டும். பச்சையாக இருந்தால் ஒருவரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எல்லோருக்கும் பச்சை பிடித்திருந்தது.

அந்தக் கேள்வியை எழுதியவர் டாக்டர் ஃபோஸ். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் மக்கள் யோசிக்காமல் இருக்கிறது என்றுவிடுவார்கள், இல்லையா என்று கேட்டால்தான் யோசிப்பார்கள் என்று அவர் ஒரு மாநாட்டில் கட்டுரை படித்திருந்தார். அதனால் லூட்கே ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பார்:

"குழாயில் இனித் தண்ணீர் இல்லையா?"

முதல் வாரங்களில் தண்ணீர் இருந்தது. கொறற்றி, "நைன், இஸ்ட் டா" என்று தெண்டித்துச் சொன்னாள்; இல்லை, இருக்கு. பின்பாதி அவருக்குக் கேட்டது, சரியாயிற்று. ஆனி மாதம் வெயில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தபோது தண்ணீர் தெரியவில்லை. சிறு கல்லைப் போட்டாள். டொக் என்று காய்ந்த சத்தம். மறுநாள் லூட்கே கேட்டார்.

"குழாயில் இனித் தண்ணீர் இல்லையா?"

"யா."

தமிழில் தண்ணி இல்லையோ என்று கேட்டால், இல்லாதபோது ஓம் என்போம். ஓம், நீங்கள் சொன்னது சரி, இல்லை. ஜெர்மன்காரருக்கு அப்படியல்ல. இல்லையென்றால் அவர்கள் 'நைன்' என்பார்கள். இருக்கிறதென்றால் அதற்கென்றே ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள், 'டொஹ்' என்று. லூட்கேயின் கணினியிலும் இந்த இரண்டுக்கும் மட்டுமே இடமிருந்தது. யா என்று ஒரு பதில் வந்தால் அது உடன்பாட்டுச் சொல், ஆகவே இருக்கிறது என்பதில் சேர்க்க வேண்டும் என்று விதி சொன்னது. லூட்கே சேர்த்தார். "மிக்க நன்றி, ஃப்ராவ் செபரட்ணம். மகிழ்ச்சி."

வறண்ட கோடை முழுக்க இப்படியே போயிற்று. அவர் இல்லையா என்பார், இவள் யா என்பாள். அவருக்கு மகிழ்ச்சி. அடுத்த குழாய்களில் நீர் இறங்கிக்கொண்டே போக, கொறற்றியின் குழாய் மட்டும் அசையாமல் நின்றதால், நடுவகம் அதை மற்றக் குழாய்களுக்கு மாதிரியாக எடுத்து அவற்றின் அளவைத் திருத்தியது. திரையில் இருந்த பச்சை போதாமல், கரும்பச்சை என்று புதிய நிறம் ஒன்றையும் அறிமுகப்படுத்தினார்கள். கொறற்றிக்கு ஒரு சான்றிதழ் வந்தது.

"அக்கா, தண்ணி இல்லை எண்டு நான் வாராவாரம் சொல்லுறன். ஒருத்தரும் மதகைப் பூட்டுறாங்கள் இல்லை. நன்றி சொல்லுறாங்கள்."

"உனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவங்கள் பெரிய படிப்புப் படிச்சவங்கள். ஏதும் கணக்கு இருக்கும்."

ஆவணி பிறந்தபோது கொறற்றிக்கு மணம் வந்தது. புகையிலையைப் புகைபோட்டு உணத்துகிற குடிலின் மணம் போல, இனிப்பும் கசப்புமாக. செபரட்ணத்தின் மரத்துக்கு அப்பால், வாய்க்கால் பக்கமாக, நிலத்திலிருந்து நூல் போலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு வாளியைக் கொண்டுவந்து வாய்க்கால் குட்டையிலிருந்து தண்ணீர் மொண்டு மரத்தடியில் ஊற்றினாள். காட்டுப் பொறுப்பாளர் வந்து, இங்கே கல்லறை பராமரிப்பது தடை என்றார். ஒப்பந்தத்தில் இருக்கிறது. பராமரிப்பு இயற்கையின் பொறுப்பு.

மக்டலீன் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி அடித்தாள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கரும்பச்சைப் பகுதியில் தாங்கள் தண்ணீர் அடித்து, பக்கத்து வயல்களில் உருளைக்கிழங்கு அழுகினால் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்று அங்கே கேட்டார்கள். நடுவகத்திடம் போகச் சொன்னார்கள். நடுவகத்தில் சந்திப்புக்கு டெர்மின் கேட்டால் இரண்டு கிழமை கழித்துத் தந்தார்கள். அந்த இரண்டு கிழமையும் கொறற்றி பஸ்சிலும் குளியலறையிலும் ஜெர்மன் வசனங்களைப் பாடமாக்கினாள். டாக்டர் ஃபோஸின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அத்தனையும் பறந்துவிட்டன. மிஞ்சியது மூன்று சொல்.

"மைன் மன். ரவுக்." என் புருசன். புகை.

டாக்டர் ஃபோஸ் லூட்கேயைப் பார்த்தார். "அவருடைய கணவர் புகைக்கிறாரா? அடக்கக் காட்டில் புகைத்தல் தடை செய்யப்பட்டிருக்கிறது."

"மைன் மன் டோட்." செத்துப்போயிட்டார்.

"வருந்துகிறேன்" என்றார் டாக்டர் ஃபோஸ், உண்மையாகவே வருந்தி. "அப்படியானால் அவர் புகைப்பதற்கு வாய்ப்பில்லை."

கொறற்றி கையால் நிலத்தைக் காட்டி, விரல்களை அசைத்து மேலே உயர்த்தினாள். லூட்கேக்கு விளங்கியது. மெதுவாகச் சொன்னார், நிலத்திலிருந்து புகை வருவதாகச் சொல்கிறார் என்று.

டாக்டர் ஃபோஸ் நாற்காலியில் சாய்ந்தார். "அம்மணி, நாங்கள் தீக்கு முந்திய அலுவலகம். புகை என்பது தீக்குப் பிந்தியது. அதைப் பார்க்க ஆரம்பித்தால் எங்கள் விஞ்ஞான நடுநிலை கெட்டுவிடும். என்னுடைய ஆட்கள் எவரும் காட்டுக்குள் போவதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. காட்டை நேரில் பார்த்தவன் அதை நம்பத் தொடங்கிவிடுவான்." பிறகு பேனாவைத் திறந்தார். "நீங்கள் சுவாலை எதையும் காணவில்லையா?"

"யா" என்றாள் கொறற்றி.

"சுவாலை காணப்படவில்லை" என்று டாக்டர் ஃபோஸ் எழுதினார். அன்று மட்டும் அவளுடைய யா தமிழிலேயே புரிந்துகொள்ளப்பட்டது.

மரங்கள் விழத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். காற்று இல்லை. நெருப்பு என்று கண்ணுக்கு எதுவும் இல்லை. வேர் எரிந்துபோன மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, களைத்த ஆட்கள் படுப்பதுபோல. செபரட்ணத்தின் பேர்ச் மரம் மற்ற மரங்களோடு சேர்ந்து சரிந்தது. அது நின்ற இடத்தில் நிலம் உள்வாங்கி, சாம்பல் நிறைந்த பள்ளமாகிவிட்டது. தடுப்பு நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று கொறற்றி பார்த்தாள். ஒருமுறை எரித்த மனிதன். இரண்டாம் முறையும் எரிகிறார், அதுவும் ஆற அமர.

"ஐயோ, அந்த மனுசனை இன்னொருக்கா எரிச்சுப்போட்டாங்களே" என்று மக்டலீன் வாய்விட்டு அழுதாள். கொறற்றி அழவில்லை. பக்கத்தில் வேறு குடும்பங்களும் நின்றன.

அன்று பின்னேரம் நகரசபைத் திரை சிவந்தது. தவறாத முன்னறிவிப்பு தவறக்கூடாதல்லவா. ஆகவே போன மாதத் திகதியிட்டு ஒரு முன்னறிவிப்பை நடுவகம் வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் பின்முன்னறிவிப்பு என்று சொல்லலாம். அது வெளியான பிறகு விதிப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது. மதகு அடைக்கப்பட்டது. பம்புகள் நின்றன. எரிந்து முடிந்த நிலத்தின்மேல் தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியது.

பிறகு விசாரணை. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கதிரை போட்டிருந்தார்கள். அடக்கக் காட்டில் ஆட்களைப் புதைத்த குடும்பங்கள் முழுக்க வந்திருந்தன. கொறற்றிக்காக ஹனோவரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருந்தார்கள். நிவேதிதா என்று பெயர்; கோயம்புத்தூர்ப் பெண், சின்ன வயது, நல்ல பிள்ளை.

"வணக்கம் ஆன்ட்டி. டென்ஷன் ஆகாதீங்க. நான் இருக்கேன்ல."

டாக்டர் ஃபோஸ் எழுந்து, எல்லோருடைய தலைக்கும் மேலே பார்த்துப் பேசினார்.

"கருவி சரியாக வேலை செய்தது. தண்ணீர் இல்லாதபோது பூச்சியம் சொல்ல வேண்டும், சொன்னது. கணினி சரியாக வேலை செய்தது. பூச்சியத்தை நல்லதென்று எடுக்க வேண்டும், எடுத்தது. கேள்வி சரியான கேள்வி, அதற்கு விருது கிடைத்திருக்கிறது. என் அலுவலர்கள் விதியை மீறி ஒருதடவைகூடச் சிந்திக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை சரியாகச் செய்தும் காடு எரிந்திருக்கிறது என்றால், பிழை எங்கோ வெளியில் இருக்க வேண்டும்."

வெளியில் என்றபோது அவர் முதல் தடவையாகப் பார்வையை இறக்கி, கொறற்றியைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார்.

தொலைபேசிப் பதிவைப் போட்டார்கள். பெரிய ஒலிபெருக்கியில் லூட்கேயின் குரல், இல்லையா என்று. அவளுடைய குரல், யா. இல்லையா. யா. மண்டபம் முழுக்கக் கேட்டது. தன்னுடைய குரல் இவ்வளவு சின்னது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

நிவேதிதா மைக்கில் ஜெர்மனில் விளக்கிவிட்டு, குனிந்து அவளுக்குச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒண்ணுமில்ல, சின்ன கிராமர் விஷயம். 'இல்லையா'ன்னு கேட்டா நாம கேள்விக்குப் பதில் சொல்றோம், இவங்க விஷயத்துக்குப் பதில் சொல்றாங்க. நீங்க 'ஆமா, தண்ணி இல்ல'ன்னு சொன்னீங்க. இவங்க 'இருக்கு'ன்னு எடுத்துக்கிட்டாங்க. அப்படியே உல்டா. நீங்க 'நைன்'னு சொல்லியிருந்தா, இல்லைன்னு புரிஞ்சிருக்கும்."

"நைன் எண்டால்… இல்லை எண்டோ விளங்கும்?"

"ஆமா ஆன்ட்டி. 'வலி இல்லையா'ன்னு கேட்டு நீங்க 'நைன்'னா, வலி இல்லைன்னுதான் அர்த்தம். ஜஸ்ட் ஒரு எக்ஸாம்பிள் சொன்னேன்."

கொறற்றி நிவேதிதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தின் சத்தம் தூரப் போயிற்று.

ஆசுபத்திரியில், கடைசி நாட்களில், பொழுது படுகிற நேரம் ஒரு தாதி கதவைப் பாதி திறந்து கேட்பாள்: அவருக்கு வலி இல்லையா? செபரட்ணம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையணைத் துணியைக் கடித்துக்கொண்டு கிடப்பார். கொறற்றி எழும்பி நின்று, "நைன்! நைன்!" என்பாள். இல்லை, இருக்கு, நோகுது என்று. தாதி முறுவலித்து, "ஷோன்" என்று, நல்லது என்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவாள். ஒருநாள் இல்லை, அந்த நாட்கள் முழுக்க. அந்தத் தாதிக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று கொறற்றி கோயிலடியில் கண்ட எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். மெழுகுதிரி கொளுத்தும்போதுகூட அவளைத் திட்டியிருக்கிறாள்.

"ஆன்ட்டி? தண்ணி வேணுமா?"

அதற்குள் டாக்டர் ஃபோஸ் தீர்வுகளை வாசித்துக்கொண்டிருந்தார். கேள்வியை மாற்றுவதென்றால் விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். ஆகவே கேள்வி அப்படியே இருக்கும். பதிலாக ஞானத்தாய், ஞானத்தந்தையர் அனைவருக்கும் எதிர்மறை வாக்கியங்களில் ஒரு பயிற்சி நடத்தப்படும். ஃப்ராவ் செபரட்ணம் மீது எவரும் கோபப்படக் கூடாது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். இவ்வளவு அரிய பிழையைக் கண்டுபிடிக்க உதவியதற்கு நடுவகம் அவருக்கு நன்றி சொல்கிறது.

சிலர் கைதட்டினார்கள். முன்வரிசையில், மனைவியை அந்தக் காட்டில் வைத்திருந்த ஒரு கிழவர் எழும்பி வந்து கொறற்றியின் தோளைத் தட்டி, பரவாயில்லை என்றார். அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். "என்ச்சுல்டிகுங்" என்றாள், மன்னியுங்கோ என்று. அவரிடம் சொன்னாளா, வேறு யாரிடமாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

காரில் மக்டலீன் கேட்டாள். "என்னடி, உதுக்கு மேலை உனக்கு என்ன வெட்கம்? பிழை விட்டது அவங்கள். அந்த நெட்டையனுக்கு எல்லோ வெட்கம் வரோணும்?"

கொறற்றி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆசுபத்திரிக் கதையை அவள் மக்டலீனுக்குச் சொல்லவில்லை.

ஐப்பசியில் கடைசிச் சடங்கு. அடக்கக் காடு மூடப்பட்டுவிட்டதால் உள்ளே இருந்த சாம்பல்களை நகரக் கல்லறைக்கு மாற்ற வேண்டும். அங்கே தவணை இருபது வருடம். லூட்கே முழங்கால்வரை வரும் ரப்பர்ச் சப்பாத்தோடு, ஒரு புதுப் பானையும் சிறு மண்வெட்டியும் கொண்டு வந்திருந்தார். செபரட்ணத்தின் மரம் நின்ற பள்ளத்துக்குப் பலகை போட்டிருந்தார்கள். சுற்றிவர, மதகு அடைத்ததில் ஏறிய தண்ணீர், கறுப்பாக, அலையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

லூட்கேக்குத் தன்னுடைய வேலை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வாசிக்க வேண்டியதை வாசித்தார்.

"மோரின் சாம்பல் மாநிலத்தின் இயற்கைச் சொத்து. அதை இங்கிருந்து எடுக்க முடியாது. இறந்தவரின் சாம்பல் அடக்க இடத்துக்கு வெளியே இருக்க முடியாது. அதை இங்கே விட முடியாது. ஆகவே ஃப்ராவ் செபரட்ணம்…" தொண்டையைச் செருமினார். "இதில் உங்கள் கணவர் எது என்று தயவுசெய்து காட்ட வேண்டும்."

கொறற்றி பள்ளத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரே சாம்பல். வெளிர் நரை, இடைக்கிடை காவி. எந்த இடத்தைக் காட்டினாலும் லூட்கே அள்ளுவார், பானையில் போடுவார், முத்திரை வைப்பார். காட்டாவிட்டால் போக மாட்டார். மனிதர் குளிரில் நிற்கிறார். அவளுடைய கை தானாகவே கொஞ்சம் எழும்பியது.

பிறகு கையை இறக்கினாள்.

"ஃப்ராவ் செபரட்ணம்?"

அவள் வாய் திறக்கவில்லை. வீம்பு இல்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது அவரிடம் என்னவாகப் போய்ச் சேருமோ என்ற பயம். அதற்குக் கீழே, வெட்கம். லூட்கே மறுபடி கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். பதில் இல்லை என்பதற்கு அவரிடம் விதி இருக்கவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடிக் கரைக்கு நடந்தார். நடுவகத்தில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார். அவர் கேட்க வேண்டிய ஒருவர் கூட்டத்தில் இருந்தார்.

தண்ணீர் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, சற்று நின்று, உள்ளே இறங்கியது. சாம்பல் மிதந்து, கலங்கி, மெல்லக் கீழே போயிற்று. பலகைக்கு மேலாகவும் தண்ணீர் வந்தது.

"எடியே, வாடி இஞ்சாலை! சப்பாத்தெல்லாம் நனையுது!" மக்டலீன் கரையிலிருந்து கத்தினாள். "பிடிவாதம் பிடிச்சவள். கொறற்றி! கேக்குதோ உனக்கு?"

லூட்கே தொலைபேசியைக் காதில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. அவர் பானையை நிலத்தில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அது விதியில் இருந்ததா தெரியாது.

கொறற்றி அசையவில்லை. கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். தண்ணீர் சப்பாத்துக்குள் புகுந்து கணுக்காலைத் தொட்டது. ஐப்பசித் தண்ணீர், விறைக்கும் என்றுதான் நினைத்தாள். அடியில் இன்னும் எங்கோ எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். காய்ச்சல்காரனின் உள்ளங்கைபோல, அது சூடாக இருந்தது.